பித்தப்பைக் கல்: வலி அடங்கினால் நோய் அடங்கிவிட்டதா?

வலீமா விருந்து முடிந்து இரவு வீடு திரும்புகிறோம். படுத்துக் கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றில் இறுக்கிப் பிடிப்பதுபோல் ஒரு வலி. வலது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் ஏறுகிறது. குமட்டுகிறது, வியர்க்கிறது. "வாயுப்பிடிப்புதான், பிரியாணி கொஞ்சம் அதிகமாகிவிட்டது" என்று வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுக்கிறார்கள். ஒருவர் சோடா வாங்கி வருகிறார். இன்னொருவர் தன்னிடமிருந்த வலி மாத்திரையைத் தருகிறார். இரண்டு மூன்று மணி நேரத்தில் வலி அடங்கிவிடுகிறது. காலையில் எல்லோரும் அதை மறந்துவிடுகிறோம். அடுத்த மாதம் இன்னொரு விருந்து, இன்னொரு இரவு, அதே வலி.

இப்படி வரும் வலிகளில் கணிசமானவை வாயுவால் வருவதில்லை. பித்தப்பையில் உள்ள கல்லால் வருகின்றன. வலி அடங்கியதும் நோயும் அடங்கிவிட்டதாக எண்ணுவதே நாம் செய்யும் பெரிய தவறு. ஒவ்வொரு முறையும் பித்தப்பையின் சுவருக்குள் சில இரசாயன மூலக்கூறுகள் சுரக்கின்றன. அவை வலியை மட்டும் உண்டாக்கிவிட்டுப் போவதில்லை, பித்தப்பையைச் சுருங்க வைக்கும் தசையையே பலவீனப்படுத்துகின்றன. அந்தத் தசை பலவீனமானால் பித்தநீர் தேங்கும். தேங்கினால் மீண்டும் அழற்சி வரும். இந்தச் சுழற்சியைப் புரிந்துகொண்டால், மருத்துவர் சொல்லும் பல விஷயங்களுக்குக் காரணம் தானாகவே விளங்கும்.

சிறிய பை, நுட்பமான ஏற்பாடு

கல்லீரலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேரிக்காய் வடிவப் பைதான் பித்தப்பை. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். அதில் 30 முதல் 50 மில்லி லிட்டர் வரை பித்தநீர் கொள்ளும். ஒரு சிறிய காபி டம்ளர் அளவுகூட இல்லை. ஆனால் கல்லீரலோ ஒரு நாளில் அரை லிட்டருக்கும் மேல் பித்தநீரைச் சுரக்கிறது. இவ்வளவு சிறிய பையில் அதை எப்படிச் சேமிப்பது?

பித்தப்பையின் உள்சுவர் பித்தநீரிலுள்ள தண்ணீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொள்கிறது. இதனால் பித்தநீர் ஐந்து முதல் பத்து மடங்கு வரை அடர்த்தியாகிறது. அடர்ந்த அந்தப் பித்தம்தான் நாம் சாப்பிடும் நெய், எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு ஆகியவற்றைச் சிறுசிறு துளிகளாக உடைத்து, செரிமானத்திற்கு ஏற்றதாக ஆக்குகிறது. நம் படைப்பைப் பற்றிச் சிந்திக்கும்படி மனிதனை அழைக்கும் இறைமறை வசனங்களை ஓதும்போது, இதுபோன்ற சிறிய உறுப்புகளையும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

யூனானி மருத்துவம் பேசும் நான்கு உடற்கலவைகளில் ஸஃப்ரா எனும் மஞ்சள் பித்தமும் ஒன்று. இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன் ஃபித் திப்' நூலில் பித்தப்பையை ஸஃப்ராவின் கொள்கலமாகவே விளக்குகிறார். அந்தக் கொள்கலம் எப்படி, யாருடைய கட்டளைப்படி சுருங்குகிறது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது.

'சுருங்கு' என்ற கட்டளை

1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐவி, ஓல்ட்பெர்க் ஆகிய இரு ஆய்வாளர்கள், சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து சுரந்து இரத்தம் வழியாகச் சென்று பித்தப்பையைச் சுருக்கும் ஒரு ஹார்மோன் இருப்பதைக் கண்டறிந்தனர். அதற்கு கோலிசிஸ்டோகைனின் என்று பெயரிட்டனர். சுருக்கமாக சி.சி.கே என்பார்கள். கொழுப்பும் புரதமும் கலந்த உணவு இரைப்பையிலிருந்து முன்சிறுகுடலுக்குள் இறங்கியதும் அங்குள்ள செல்கள் சி.சி.கேயை வெளியிடுகின்றன.

இந்த ஹார்மோன் பித்தப்பையின் தசைச் செல்லை அடைந்ததும் செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் பொருந்துகிறது. சாவி பூட்டில் பொருந்துவதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். பூட்டு திறந்ததும் செல்லுக்குள் செய்தி கைமாறிக் கைமாறிச் சென்று, கால்சியம் விடுவிக்கப்படுகிறது. கால்சியம் பெருகியதும் ஆக்டின், மயோசின் என்ற இரு புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி, தசை சுருங்குகிறது. நரம்புகளிலிருந்து வரும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளும் இதே வேலைக்குத் துணை நிற்கிறது. அதே நேரத்தில், பித்தநீர் குடலுக்குள் நுழையும் வாசலில் இருக்கும் 'ஒட்டி' என்ற வளையத்தசை தளர்ந்து வழிவிடுகிறது. ஒரு பக்கம் சுருக்கம், மறு பக்கம் தளர்ச்சி. இரண்டும் ஒரே ஹார்மோனின் வேலை.

ஆரோக்கியமான பித்தப்பை, கொழுப்பு உள்ள உணவுக்குப் பின் ஒரு மணி நேர அளவில் தன்னிடமுள்ளதில் பாதிக்கும் மேல் வெளியேற்றிவிடும். பை இப்படி அடிக்கடி காலியாவதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஓடுகிற தண்ணீரில் கசடு தங்காது. தேங்கிய தண்ணீரில்தான் தங்கும்.

கல் அடைக்கும்போது

பித்தநீரில் கொலஸ்ட்ராலின் விகிதம் கூடும்போது அது கரைந்த நிலையில் நிற்க முடியாமல் படிகமாகிறது. படிகங்கள் சேர்ந்து கல்லாகின்றன. கல் பைக்குள் சும்மா கிடக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. கனமான உணவு சாப்பிட்டு, சி.சி.கே சுரந்து, பை சுருங்கும்போது கல் நகர்ந்து பித்தப்பையின் கழுத்திலோ அதன் குழாயிலோ போய் அடைத்துக்கொள்கிறது. பை வெளியேற்றப் பார்க்கிறது, வாசல் மூடியிருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இதுதான் விருந்துக்குப் பிறகு வரும் வலியின் தொடக்கம்.

இங்கேதான் அழற்சி தலைகாட்டுகிறது. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறது அல்லவா? அதுதான் அழற்சி. உடல் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் அபாயச் சங்கு அது. கிருமி இருந்தால்தான் அழற்சி வரும் என்று பலர் நினைக்கிறோம். பித்தப்பையில் அழற்சி பெரும்பாலும் கிருமி இல்லாமலேயே தொடங்குகிறது. ஈ. கோலை போன்ற குடல் கிருமிகள் பிறகுதான் வந்து சேர்கின்றன.

அடைபட்ட பைக்குள், பித்தநீரில் இயல்பாகவே உள்ள லெசித்தின் என்ற கொழுப்பு, ஒரு நொதியால் சிதைந்து லைசோலெசித்தினாக மாறுகிறது. இது உள்சுவரை அரிக்கக்கூடியது. அரிப்புக்கு ஆளான சுவரின் செல்கள் அழற்சி மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. இவற்றில் முக்கியமானவர்கள் சிலரை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது புரோஸ்டாகிளாண்டின்கள். குறிப்பாக 'இ2' வகை. செல் சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்து காக்ஸ் என்ற நொதி இவற்றை உருவாக்குகிறது. இரண்டாவது, இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப்-ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்கள். இவை செல்லுக்குச் செல் ஆபத்துச் செய்தியைக் கடத்தி, மேலும் புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கத் தூண்டுபவை. மூன்றாவது, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் சார்ந்த தீவிர மூலக்கூறுகள். காயத்தைச் சுத்தம் செய்ய நுரை பொங்க ஊற்றுகிறார்களே, அதே பெராக்சைடுதான். வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்ல இதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் அருகிலிருக்கும் நம் சொந்தச் செல்லையும் இது விட்டுவைப்பதில்லை.

இவை சுரந்ததும் பித்தப்பையின் உள்சுவர் தன் இயல்புக்கு நேர்மாறாக நடக்கத் தொடங்குகிறது. இதுவரை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்த சுவர், புரோஸ்டாகிளாண்டினின் தூண்டுதலால் தண்ணீரைப் பைக்குள் சுரக்கிறது. ஏற்கெனவே மூடிய பைக்குள் மேலும் நீர் நிரம்புகிறது. பை உப்புகிறது, வலி கூடுகிறது, உப்பிய சுவர் இன்னும் புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கிறது.

தசைக்குள் நடப்பது என்ன?

இத்தனை அழுத்தத்தில் தசை வலிமையாகச் சுருங்கினால் கல்லைத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அழற்சி வந்த பித்தப்பையின் தசை வலிமையாகச் சுருங்குவதில்லை. ஏன் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹொசே பெஹார் குழுவினர் பல ஆண்டுகள் விடை தேடினர்.

அவர்கள் கினி எலிகளின் பித்த நாளத்தைக் கட்டி, மூன்று நாட்கள் விட்டு, பித்தப்பையில் அழற்சியை உண்டாக்கினர். பிறகு தசைச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, சி.சி.கே, அசிடைல்கோலின் ஆகியவற்றைக் கொடுத்து, செல் எவ்வளவு சுருங்குகிறது என்று நுண்ணோக்கியில் அளந்தனர். ஆரோக்கியமான செல்களை விட இவை மிகக் குறைவாகவே சுருங்கின.

அடுத்து, செல் சவ்வில் உள்ள ஏற்பியைத் தாண்டி, உள்ளே இருக்கும் செய்திக் கடத்திகளை நேரடியாகத் தூண்டிப் பார்த்தனர். இப்போது செல் நன்றாகச் சுருங்கியது. அதாவது தசையின் இயந்திரம் பழுதாகவில்லை. கட்டளையை வாங்கும் சவ்வுதான் பழுதாகியிருக்கிறது. வீட்டில் ஆட்கள் நலமாக இருக்கிறார்கள், வாசலில் அழைப்பு மணி மட்டும் வேலை செய்யவில்லை என்பதுபோல.

அந்த மணியைக் கெடுத்தது யார்? ஆரோக்கியமான தசைச் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்ததும் அதே பழுது உண்டானது. அது செல் சவ்வின் கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது. எண்ணெய் நாள்பட்டுக் காறிப்போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதுவே செல் சவ்வில் நடக்கிறது. சவ்வு சிதைந்தால் அதில் பொருந்தியிருக்கும் ஏற்பிகளும் சரியாக இயங்காது. சாவி வந்தாலும் பூட்டு திறக்காது.

அழற்சியின்போது உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவும் இதில் சேர்ந்துகொள்கிறது. அது மென்தசையைத் தளர்த்தும் இயல்புடையது. ஆக, ஒரு பக்கம் சுருங்கும் கட்டளை கேட்கவில்லை. இன்னொரு பக்கம் தளரும் கட்டளை ஓங்கி ஒலிக்கிறது.

புரோஸ்டாகிளாண்டின்: பகைவனா, காவலனா?

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. சி.சி.கேயை மதிக்காத அதே செல்கள், புரோஸ்டாகிளாண்டின் இ2 கொடுத்தால் மட்டும் இயல்பாகச் சுருங்கின. மேலும், செல்களுக்கு முதலில் புரோஸ்டாகிளாண்டின் இ2 கொடுத்துவிட்டு அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தபோது, பாதிப்பு தடுக்கப்பட்டது. தீவிர மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்யும் கேட்டலேஸ் போன்ற நொதிகளை அது செல்லுக்குள் பெருகச் செய்கிறது.

வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் அதே மூலக்கூறுதான் தசையைக் காக்கவும் முயல்கிறது. உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்கிறது என்று அழற்சியைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது காவலுக்கு வந்த படை. அடைப்பு சில மணி நேரத்தில் நீங்கினால் படை கலைந்துபோகும், தசை தேறிவிடும். அடைப்பு நீடித்தால், அல்லது மாதம் தவறாமல் திரும்பத் திரும்ப வந்தால், காவலை விடச் சேதம் மிஞ்சிவிடுகிறது. சுவர் தடிக்கிறது. ஸ்கேனில் மூன்று மில்லி மீட்டருக்கு மேல் சுவர் தடித்திருந்தால் மருத்துவர்கள் அழற்சியைச் சந்தேகிப்பது இதனால்தான். நாளடைவில் தசை இருந்த இடத்தில் தழும்பு படிகிறது. தழும்புக்குச் சுருங்கத் தெரியாது.

கல்லுக்கு முன்பே தளரும் தசை

அழற்சி வந்த பிறகுதான் தசை கெடுகிறதா? இல்லை. கொலஸ்ட்ரால் மிகுந்த பித்தநீர் நீண்ட நாள் தேங்கி நிற்கும்போது, அந்தக் கொலஸ்ட்ரால் உள்சுவர் வழியாக ஊடுருவி தசைச் செல்லின் சவ்வில் படிகிறது. சி.சி.கே ஏற்பிகள் அதில் சிக்கி, ஹார்மோனுக்குச் சரிவர மறுமொழி தருவதில்லை. கல் உருவாக்கும் உணவைக் கொடுத்து வளர்த்த சுண்டெலிகளிலும், தசையின் செயல்பாடு நோயின் தொடக்கக் கட்டத்திலேயே குலைவது கண்டறியப்பட்டுள்ளது.

எனவே தசை தளர்வதால் பித்தம் தேங்குகிறது; தேங்குவதால் கல் வளர்கிறது; கல் அடைப்பதால் அழற்சி வருகிறது; அழற்சி தசையை மேலும் தளர்த்துகிறது. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இந்தத் தசையைத் தளர்த்துவதால் பெண்களுக்குக் கல் அதிகம் வருகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயில் நரம்புகள் பாதிக்கப்படுவதால் சுருக்கம் குறைகிறது. மிக வேகமாக உடல் எடையைக் குறைப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு.

கல்லே இல்லாமலும் இந்த அழற்சி வரலாம். பித்தப்பை அழற்சியில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இப்படிப்பட்டது. பெரிய தீக்காயம், விபத்து, கடும் கிருமித்தொற்று ஆகியவற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவர்களுக்கு இது வருகிறது. வாய்வழி உணவு இல்லாததால் சி.சி.கே சுரப்பதில்லை, பை அசைவற்றுக் கிடக்கிறது. இரத்தத்தில் பெருகிய கிருமி நச்சும் சைட்டோகைன்களும் தசையைத் தாக்குகின்றன. ஒபோசம் என்ற விலங்குக்குக் கிருமி நச்சை மட்டும் செலுத்திய ஆய்விலும் பித்தப்பையின் சுருக்கம் குறைந்தது. தசையை முடக்க அழற்சி மூலக்கூறுகளே போதும், கல் கட்டாயமில்லை என்பதற்கு இது சான்று.

வலி மாத்திரை எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

1971இல் ஜான் வேன், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதன் மூலமே வலியைக் குறைக்கின்றன என்று காட்டினார். 1982இல் மேலும் இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டைக்ளோஃபினாக் ஊசி பித்தப்பை வலியை அடக்குவதும் இந்த வழியில்தான். தசைப்பிடிப்பைத் தளர்த்தும் மருந்துகளை விட இவை இந்த வலிக்கு நன்றாகப் பயன்படுவது ஒப்பீட்டு ஆய்வுகளில் தெரிந்தது. இந்த வலிக்கு வெறும் தசைப்பிடிப்பு மட்டும் காரணமல்ல என்பதும் இதிலிருந்து விளங்குகிறது. ஆரம்பத்திலேயே மருத்துவமனையில் டைக்ளோஃபினாக் கொடுக்கப்பட்டவர்களில் முழு அழற்சியாக முற்றியவர்கள் குறைவு என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆனால் கல் அங்கேயே இருக்கிறது. மருந்து சங்கை அடக்குகிறது. தீயை மூட்டியவனைப் பிடிப்பதில்லை. அதோடு சிறுநீரகக் கோளாறு, குடற்புண், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த மாத்திரைகளைத் தாமாக விழுங்குவது ஆபத்து. பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை பற்றியும் பலர் கேட்கிறார்கள். கரடியின் பித்தத்தில் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். இன்று பெரும்பாலும் மாட்டுப் பித்தத்திலிருந்து கிடைக்கும் சோலிக் அமிலத்தைக் கொண்டு தயாரிக்கிறார்கள். அறுவைக்கு முன் சில வாரங்கள் இதை உட்கொண்டவர்களின் பித்தப்பைத் தசை ஓரளவு நன்றாகச் சுருங்கியதும், ஹைட்ரஜன் பெராக்சைடின் அளவு குறைந்ததும் 2007இல் பதிவாகியுள்ளது. ஆய்வகத்தில் நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நெதர்லாந்தில் நடந்த சோதனையில், அறுவைக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த மாத்திரை வலித் தாக்குதலைக் குறைக்கவில்லை. மருத்துவர் சிலருக்கு இதைத் தருவார். அறுவைக்கு மாற்றாக நாமே தேர்ந்துகொள்ளக் கூடாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு வைத்தியம் ஸைத்தூன் எண்ணெய். எலுமிச்சைச் சாறுடன் ஒரு டம்ளர் எண்ணெயைக் குடித்தால் கல் மலத்துடன் வெளியேறும் என்கிறார்கள். ஸைத்தூன் பரக்கத் நிறைந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. அளவோடு உணவில் சேர்ப்பது நல்லதே. ஆனால் அவ்வளவு எண்ணெயை ஒரேயடியாகக் குடித்தால் சி.சி.கே பெருகி, பை வேகமாகச் சுருங்கி, கல் குழாயில் போய் அடைக்க வாய்ப்பு உண்டு. மலத்தில் வரும் பச்சை உருண்டைகளை ஆராய்ந்தபோது அவை கற்களே அல்ல, எண்ணெயும் செரிமான நீரும் சேர்ந்து உருவான சோப்பு உருண்டைகள் என்று 2005இல் லான்செட் மருத்துவ இதழில் செய்தி வெளியானது.

எப்போது அறுவை, எப்போது அவசரம்?

வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகக் கல் தெரிந்து, ஒரு முறைகூட வலி வராதவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு முறை வலி வந்துவிட்டால் மீண்டும் வர வாய்ப்பு அதிகம். அப்போது பித்தப்பையை எடுத்துவிடுவதே முறையான சிகிச்சை. கல்லை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்னதுதான் பதில்: தளர்ந்த தசையுள்ள பை இருக்கும்வரை பித்தம் தேங்கும், கல் மீண்டும் வரும். பை இல்லாவிட்டால் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்குச் செல்லும். பெரும்பாலோர் இயல்பாக உண்டு வாழ்கிறார்கள். லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் வழியாகவே இது செய்யப்படுகிறது. கடும் அழற்சி வந்தவர்களுக்கு ஆறு வாரம் காத்திருப்பதை விட, முதல் சில நாட்களுக்குள் அறுவை செய்வதே நல்லது என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்.

பின்வரும் அறிகுறிகள் இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது:

• வலி நான்கைந்து மணி நேரம் கடந்தும் அடங்காமல் இருப்பது
• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, மலம் வெளிறிப்போவது
• மூச்சை உள்ளிழுக்கும்போது வலது விலாவுக்குக் கீழே வலி குத்துவது
• நிற்காத வாந்தி

சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் வலி மங்கலாகவே தெரியலாம். உள்ளே பித்தப்பை அழுகும் நிலைக்குப் போயிருந்தாலும் "லேசாக வலிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். வீட்டிலுள்ள வாப்பா, உம்மா அப்படிச் சொன்னால் அலட்சியம் வேண்டாம். இன்னொன்று: மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரலாம். நடுத்தர வயதைக் கடந்தவர்கள் முதலில் ஓர் ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நோன்பும் பித்தப்பையும்

நோன்பு வைத்தால் பித்தம் தேங்கிக் கல் வந்துவிடுமா என்ற அச்சம் சிலரிடம் இருக்கிறது. வெறும் வயிற்றிலும் பித்தப்பை முழுமையாக ஓய்ந்துவிடுவதில்லை. உணவில்லாத நேரத்தில் குடலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழும் அசைவு அலையோடு சேர்ந்து, பித்தப்பையும் ஓரளவு சுருங்கித் தன்னிடமுள்ளதில் ஒரு பகுதியை வெளியேற்றுகிறது.

ஏற்கெனவே கல் உள்ளவர்களுக்குச் சிக்கல் வருவது இஃப்தார் தட்டில்தான். பகல் முழுதும் நிரம்பி நிற்கும் பை, சமோசா, வடை, கட்லெட், பிறகு நெய்ச்சோறு என்று ஒரேயடியாகக் கொழுப்பு இறங்கும்போது வேகமாகச் சுருங்குகிறது. தராவீஹ் தொழுகையில் நிற்கும்போது வலி தொடங்குவது இதனால்தான். பேரீச்சம்பழம், தண்ணீர், எண்ணெய் குறைந்த நோன்புக் கஞ்சி என்று தொடங்கி, உணவைச் சிறிது சிறிதாகப் பிரித்துக்கொள்வது நல்லது. வயிற்றை உணவு, நீர், மூச்சு என மூன்றாகப் பங்கிடச் சொல்லும் நபிமொழியை நாம் அறிவோம். கடைப்பிடிக்கத்தான் மறந்துவிடுகிறோம்.

கல் இருப்பது தெரிந்தவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அறுவை தேவையென்றால் ஷஃபான் மாதத்துக்குள் முடித்துக்கொள்வது நிம்மதி. நோன்பு நேரத்தில் கடும் வலியும் காய்ச்சலும் வந்தால் மஃரிப் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது பக்தி ஆகாது. நோயாளி நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்துகொள்ளும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கிறான். அவன் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கட்டுப்படுவதே.

எல்லா மேல்வயிற்று வலியும் பித்தப்பை வலி அல்ல. ஆனால் விருந்துக்குப் பின் திரும்பத் திரும்ப வரும் வலியை வாயு என்று பெயரிட்டுத் தள்ளிவைக்கும்போது, உள்ளே ஒரு தசை தன் வலுவை இழந்துகொண்டிருக்கலாம். ஒரு சாதாரண வயிற்று ஸ்கேன் அதைச் சொல்லிவிடும். நோயைத் தந்த இறைவன் அதற்கு நிவாரணத்தையும் வைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அந்த நிவாரணத்தை உரிய நேரத்தில் தேடிச் செல்வது நம் கடமை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், அவன் தந்த உடலை அமானிதமாகப் பேணும் நல்லெண்ணத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.